வைஃபை மந்தமானால் முதலில் வீட்டைப் பாருங்கள்

(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம். வெளியூர் அங்கத்தினர்கள் சிலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதித் தருகிறேன்.)

 

போன மாதக் கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மாமி என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்க டெலிகாம்ல இருந்தவர்தானே? எங்காத்துல 200 பிளான் போட்டிருக்கோம். மாசாமாசம் தவறாம பணம் கட்டறோம். ஆனா பேரனோட பேச உக்காந்தா மட்டும் அவன் மூஞ்சி அப்படியே நின்னுடறது. ஏன்னு சொல்லுங்கோ" என்றார். பக்கத்தில் நின்ற நாலு பேரும் "எங்காத்துலயும் அதே கதைதான்" என்றார்கள். செயலாளர் அதைக் கேட்டுவிட்டு, "அடுத்த மாசம் இதையே பேசிடுங்களேன்" என்று மாட்டிவிட்டார்.

நான் ரயில்வேயில் சிக்னல் மற்றும் டெலிகாம் பிரிவில் 34 வருஷம் வேலை பார்த்து, ஓய்வு பெற்று நாகபுரியிலேயே தங்கிவிட்டவன். அப்படிப்பட்டவன் வீட்டில் வைஃபை ஒழுங்காக இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் கற்றுக்கொண்டது எல்லாம் அதிலிருந்துதான்.

சென்ற வருஷம் மே மாதம். கோயம்புத்தூரில் என் அண்ணா உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். தினமும் சாயங்காலம் மன்னி வீடியோவில் கூப்பிடுவார், அண்ணாவிடம் போனைக் காட்டுவார். நாகபுரி வெயில் உங்களில் பலருக்குத் தெரியும். கூலர் இல்லாமல் கூடத்தில் உட்கார முடியாது. கூலர் ஓடினால் அதன் சத்தத்தில் பேச முடியாது. அதனால் நான் போனை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுவேன். அங்கே போனால் படம் நிற்கும், குரல் விட்டு விட்டு வரும். ஒரு நாள் அண்ணா என்னவோ கேட்டார். உதடு அசைந்தது. அப்படியே படம் நின்றுவிட்டது. "அண்ணா, கேக்கலை, கேக்கலை" என்று கத்திக்கொண்டிருந்தேன். லைன் அறுந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டபோது அண்ணா தூங்கிவிட்டார் என்றார் மன்னி. மூன்றாம் நாள் அவர் காலமாகிவிட்டார்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு மன்னியிடம் அன்றைக்கு அண்ணா என்ன கேட்டார் என்று விசாரித்தேன். "சாப்பிட்டாச்சான்னு கேட்டார். வேற ஒண்ணும் இல்லை" என்றார். அந்த ஒரு கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லையே என்ற குறை இன்றைக்கும் உண்டு.

கோபத்தை யார் மேலாவது காட்ட வேண்டுமே. இன்டர்நெட் கம்பெனிப் பையனை மூன்று முறை வரவழைத்தேன். மூன்று முறையும் அவன் ரவுட்டர் பக்கத்தில் நின்று தன் போனில் வேகம் பார்த்துவிட்டு, "அங்கிள், லைன் டீக் ஹை" என்றான். நான் உள் அறையிலிருந்து அளந்ததைக் காட்டி, அவன் பொய் சொல்கிறான் என்று சத்தம் போட்டேன். பாவம், அவன் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. இருவரும் வேறு வேறு இடத்தில் நின்று அளந்தோம், அவ்வளவுதான்.

ஜூன் மூன்றாம் வாரம் மழை பிடித்தது. கூலரில் தண்ணீரை இறைத்துவிட்டு அதைப் பால்கனிக்குத் தள்ளினோம். அன்று மாலையே உள் அறையில் நெட் பறந்தது! அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபைபர் வயர் கூடத்து ஜன்னல் வழியாக வருகிறது. அதனால் ரவுட்டரை ஜன்னல் ஓரத்திலேயே மாட்டியிருந்தார்கள். கோடை வந்ததும் நான் அதன் முன்னால் கூலரை நிறுத்திவிட்டேன். ஆளுயரத் தகரப் பெட்டி, அடியில் தொட்டி நிறையத் தண்ணீர், மூன்று பக்கமும் நனைந்த தட்டி. ரேடியோ அலைக்கு இதைவிடப் பெரிய சுவர் கட்ட முடியாது. தகரம் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் அதைக் குடித்துவிடும். சந்தேகம் தீரட்டும் என்று கூலரை மறுபடி உருட்டி வந்து அளந்தேன். உள் அறையில் கூலர் இல்லாமல் 34. காலிக் கூலரை வைத்தால் 11. தண்ணீர் ஊற்றி ஓடவிட்டால் 3. முப்பத்துநாலு வருஷ டெலிகாம்காரன் செய்த காரியம் இது. பையனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய நாளில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கம்பியில் பேசிய காலத்தில், லைன் போய்விட்டது என்றால் உடனே ஆளை ஏணியுடன் அனுப்பமாட்டோம். நடுவில் ஒரு ஸ்டேஷனில் லைனைப் பிரித்து, கோளாறு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று பார்ப்போம். பிறகு அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குவோம். கடைசியில் எந்தக் கம்பத்துக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். வீட்டு நெட்டுக்கும் இதே முறைதான். பாதை மூன்று பகுதி. ஒன்று, கம்பெனியிலிருந்து உங்கள் வீட்டுப் பெட்டி வரை வரும் ஃபைபர். இரண்டு, பெட்டியிலிருந்து உங்கள் கையிலுள்ள கருவி வரை காற்றில் போகும் வைஃபை. மூன்று, அந்தக் கருவி. எந்தப் பகுதியில் கோளாறு என்று பிரிக்காமல் பிளானை 100-லிருந்து 300-ஆக உயர்த்துவது, வாசற்கதவு சிறியதாக இருக்கும்போது தெருவை அகலப்படுத்துவது மாதிரி.

அதற்கு முன் கணக்கு ஒன்று. எம்.பி.பி.எஸ். என்றவுடன் நமக்கு டாக்டர் படிப்புதான் ஞாபகம் வரும். இங்கே அது ஒரு விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்பது. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 100 பிளானில் ஒரு விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். "100 என்றார்கள், 12 தான் காட்டுகிறது" என்று சண்டைக்குப் போகாதீர்கள். 1995 ஆகஸ்ட் 15 அன்று நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது. 2004-ல் அரசாங்கம் பிராட்பேண்ட் கொள்கை அறிவித்தபோது 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட் என்றார்கள். இன்றைய 100 பிளான் அதைப்போல ஏறக்குறைய 390 மடங்கு. ஒரு வீடியோ அழைப்புக்கு 3 அல்லது 4 எம்.பி.பி.எஸ். நிலையாகக் கிடைத்தால் தாராளம். ஆகவே பெரும்பாலான வீடுகளில் பிளான் போதாமல் இல்லை. வாங்கியது உள் அறை வரை வந்து சேரவில்லை.

இப்போது பிரித்துப் பார்க்கும் முறை. மூன்று அளவு எடுங்கள், ஒரு பழைய டைரியில் தேதி, மணியுடன் எழுதுங்கள். முதல் அளவு, லேப்டாப்பை லான் வயரால் நேராகப் பெட்டியில் சொருகி எடுப்பது. இரண்டாவது, வயரை எடுத்துவிட்டு, ரவுட்டர் இருக்கும் அதே அறையில் இரண்டு மூன்று அடி தள்ளி நின்று வைஃபையில் எடுப்பது. மூன்றாவது, எந்த இடத்தில் தொந்தரவோ அங்கே உட்கார்ந்து எடுப்பது. அளக்கும்போது வீட்டில் மற்றவர்கள் படம் பார்க்காமல் இருக்கட்டும்.

வயரிலேயே வேகம் குறைவு என்றால் கோளாறு முதல் பகுதியில். அது கம்பெனி பொறுப்பு. ஆனால் அதிலும் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். மாதக் கோட்டா தீர்ந்துவிட்டதா? தீர்ந்தால் வேகத்தைத் தாமே குறைத்துவிடுவார்கள். அடுத்து, 200, 300 பிளான் போட்டும் வயரில் சரியாக 94 அளவிலேயே நிற்கிறதா? அப்படியானால் பெட்டியின் துளை 100-க்கு மேல் தாங்காத பழைய வகை, அல்லது லான் வயருக்குள் உள்ள எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நாலு கம்பி இருந்தால் 100 வரை ஓடும். அதற்கு மேல் ஓட எட்டும் வேண்டும். வயரை மாற்றிப் பாருங்கள், சின்னச் செலவுதான்.

ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். நீங்கள் எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பலன் இல்லை. புகார் கொடுத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிய வயரைக் கூர்மையாக மடிக்காதீர்கள், கட்டில் காலில் நசுங்கவிடாதீர்கள். உள்ளே ஓடுவது கண்ணாடி இழை. சில வீடுகளில் பெருக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிறார்கள். வேண்டாம்.

வயரில் சரி, பக்கத்தில் நின்றாலும் சரி, உள் அறையில் மட்டும் மோசம் என்றால் இரண்டாம் பகுதி. என் வீட்டுக் கேஸ் இதுதான். நான் பார்த்தவரையில் பத்து வீட்டில் ஏழு எட்டு வீடு இந்த ரகம். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பார்வைக்கு அழகாக இல்லை என்று டி.வி.க்குப் பின்னால், செருப்பு அலமாரிக்குள், பீரோ மேல் சாமான்களுக்கு நடுவில், அல்லது ஃபிரிட்ஜ் ஓரத்தில் ஒளித்து வைத்திருப்போம். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி, என் வீட்டுக் கூலர் எல்லாம் ஒரே ஜாதி, அலைக்கு விரோதிகள். சுவரிலும் வித்தியாசம் உண்டு. பலகைத் தடுப்பை அலை சுலபமாகத் தாண்டும். செங்கல் சுவர் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். கம்பி கட்டிய கான்கிரீட் நிறையப் பிடித்துக்கொள்ளும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் ரவுட்டர் இருப்பது உத்தமம். ஜன்னல் ஓரத்தில் இருந்தால் பாதி அலை தெருவுக்குத்தான் போகும்.

அடுத்தது இரண்டு அலைவரிசை. இப்போதைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டில் பேசும். கல்யாண மண்டபத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தவிலின் தொம் சத்தம் சுவரைத் தாண்டி வரும், ஜாலராச் சத்தம் வராது. அதைப்போல 2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம். 5 வேகமானது, ஆனால் ஒன்றிரண்டு சுவருக்குள் களைத்துவிடும். ஆகவே ரவுட்டர் இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் 5-ல் சேருங்கள். கோடி அறையில் இருப்பவர்கள் இரண்டையும் அளந்து பார்த்து எது நன்றாக இருக்கிறதோ அதில் சேருங்கள். சில வீடுகளில் வைஃபை பெயருக்குப் பின்னால் 5ஜி என்று தெரியும். அதற்கும், 2022 அக்டோபரில் வந்த மொபைல் 5ஜி-க்கும் சம்பந்தம் இல்லை.

2.4-ல் நெரிசல் என்றேன். அதில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அடுக்குமாடியில் இருபது வீட்டு ரவுட்டர்கள் இந்த மூன்றில்தான் இடிபட்டுக்கொண்டிருக்கும். இரவு எட்டு மணிக்கு மந்தம், விடியற்காலையில் வேகம் என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அதன் விலாசம், பெரும்பாலும் 192.168.1.1 என்பது போல, இருக்கும். அதைப் பிரவுசரில் அடித்து உள்ளே போனால் சேனலை மாற்றலாம். பழக்கமில்லாதவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், ஐந்து நிமிஷ வேலை. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. நீங்கள் சமையலறை ஓரத்தில் 2.4-ல் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளே யாராவது சாதம் சுடவைத்தால் பேச்சு தடுமாறலாம். அடுப்பைக் குறை சொல்லாதீர்கள், 5-க்கு மாறிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கோடி அறைக்கு எட்டவில்லை என்றால்? கடையில் முதலில் காட்டுவது பிளக்கில் சொருகும் சின்ன ரிப்பீட்டர். அது ஒரே அலைவரிசையில் கேட்டு, அதிலேயே திருப்பிச் சொல்லும் வகையானால் வேகம் பாதியாகும். அதையும் சிக்னல் கிடைக்காத அறையிலேயே கொண்டு வைக்கிறார்கள். கேட்காத காதுக்காரர் மற்றவருக்கு என்ன எடுத்துச் சொல்வார்? பாதி வழியில் வைக்க வேண்டும். இதைவிட நல்லது, ரவுட்டரிலிருந்து ஒரு லான் வயரைக் கோடி அறைக்கு இழுத்து அங்கே இரண்டாவது ரவுட்டரை வைப்பது. வயர் 100 மீட்டர் வரை தளராது. பெரிய தனி வீடு, மாடி வீடு என்றால் மெஷ் என்று இரண்டு மூன்று பெட்டியாகக் கிடைப்பதை வாங்கலாம். அதையும் வயரால் இணைத்தால் விசேஷம்.

மூன்றாம் பகுதி, கருவி. ஒரே இடத்தில் உட்கார்ந்து உங்கள் போனில் மந்தம், பிள்ளையின் போனில் வேகம் என்றால் குற்றம் கருவியில். பழைய போன்கள் சிலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸே தெரியாது. ஆபீஸ் லேப்டாப்பில் வி.பி.என். ஓடினால் வேகம் குறையும், அதற்கு வீட்டு நெட் என்ன செய்யும்? இன்னொன்று பலர் கவனிக்காதது. பேத்தியின் சீமந்தத்துக்குப் போய்விட்டு வந்து, எடுத்த நானூறு போட்டோவும் வீடியோவும் நம் போனிலிருந்து தானாகவே மேலே ஏறிக்கொண்டிருக்கும். நாம் வீடியோவில் பேசும்போது நம் முகமும் அதே வழியில்தான் மேலே போக வேண்டும். எதிரே இருப்பவர் நமக்குத் தெளிவாகத் தெரிகிறார், ஆனால் "நீங்க நின்னு போயிட்டேள்" என்கிறாரா? மேலே போகும் வழி அடைபட்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த பேக்கப்பை இரவுக்குத் தள்ளிவையுங்கள்.

பாஸ்வேர்டு பற்றி இரண்டு வார்த்தை. வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்த பாஸ்வேர்டு இப்போது எத்தனை வீட்டில் ஓடுகிறதோ! வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும், ஆகவே அதையும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "உங்கள் நெட் ஸ்லோவாக இருக்கிறது, சரி செய்து தருகிறோம், இந்த ஆப்பைப் போட்டு நம்பரைச் சொல்லுங்கள்" என்று யாராவது தாமாகக் கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். அந்த ஆப் உங்கள் திரையை அவர்களுக்குக் காட்டிவிடும், பேங்கில் உள்ளதும் போகும். நம்மில் தனியாக இருக்கும் முதியவர்கள்தான் இதில் அதிகம் அகப்படுகிறார்கள். தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கோளாறு நிஜமாகவே கம்பெனியின் பகுதியில்தான் என்று தெரிந்தால் விடாதீர்கள். புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். "வயரில் போட்டு அளந்தேன், இன்ன தேதி, இன்ன மணி, இவ்வளவு" என்று டைரியைப் பார்த்துச் சொல்லுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அதே கம்பெனியிலுள்ள அப்பீல் அதிகாரிக்குப் போக வழி உண்டு. டிராய் 2012-ல் போட்ட விதிகளிலேயே இது இருக்கிறது. ஆனால் வருகிற பையனிடம் கத்தாதீர்கள். வெயிலில் மூன்று மாடி ஏறி வருகிறான். ஒரு டம்ளர் மோர் கொடுத்து, "தம்பி, இந்த அறைக்கு வந்து ஒரு தடவை அளந்து காட்டு" என்று கேளுங்கள். நான் முதல் நாளே அப்படிக் கேட்டிருந்தால் கூலரை அவனே காட்டிக்கொடுத்திருப்பான்.

வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியதைச் சுருக்கிச் சொல்கிறேன்:

1. பெட்டியை அணைத்து, ஒரு நிமிஷம் பொறுத்துப் போடுங்கள். பல சமயம் இதிலேயே தீரும்.
2. வயரில், பக்கத்தில், தொந்தரவு உள்ள இடத்தில் என மூன்று அளவு எடுத்து எழுதுங்கள்.
3. ரவுட்டரைச் சுற்றியுள்ள தகரம், தண்ணீர், கண்ணாடியை நகர்த்துங்கள். முடிந்தால் ரவுட்டரையே நடுவுக்கும் மேலுக்கும் கொண்டு வாருங்கள்.
4. 5 கிகாஹெர்ட்ஸில் சேர்ந்து பாருங்கள்.
5. போட்டோ பேக்கப், தேவையில்லாத டவுன்லோட் இவற்றை நிறுத்துங்கள்.
6. பிறகும் சரியாகவில்லை என்றால்தான் பிளானை உயர்த்துவதைப் பற்றி யோசியுங்கள்.

எங்கள் வீட்டில் ரவுட்டரை இப்போது கூடத்துக்கும் உள் அறைக்கும் நடுவே, நிலைப்படிக்கு மேல் மாட்டியிருக்கிறேன். அந்தப் பையன்தான் நீள வயர் கொண்டு வந்து செய்து கொடுத்தான். இந்தக் கோடையில் கூலர் பழைய இடத்திலேயே ஓடுகிறது, உள் அறையில் 40-க்குக் குறையவில்லை. மன்னி சாயங்காலம் கூப்பிடுகிறார். தெளிவாகப் பேசுகிறோம்.

நம் பிள்ளைகள் ஒரு ஊரில், நாம் ஒரு ஊரில், கூடப் பிறந்தவர்கள் வேறொரு ஊரில் என்று ஆகிவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது இந்தச் சின்னப் பெட்டி வழியாகத்தான். முக்கியமான நாள் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எந்த நாள் முக்கியமானது என்று நமக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. இன்றைக்கே வீட்டுக்குப் போய் அளந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் கேளுங்கள், அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் வீட்டுக்கு நானே வந்து பார்க்கிறேன். காபி கொடுத்தால் போதும்.